கரைத்த கை

சுண்டு குப்பியைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்போதும் அது அடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. காலையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்த மருந்து இப்போது பால் நிறத்தில் உறைந்துபோயிருந்தது. அதே மருந்துதான் பத்து மணிக்கு அவளுடைய அக்காவின் கை நரம்பு வழியாக உடம்புக்குள் போயிருந்தது. இப்போது மணி பத்து ஐம்பது.

குப்பியைத் தட்டில் திரும்ப வைக்கப் போனாள், அது ஓரத்தில் டக்கென்று இடித்தது.

சுண்டு என்பது அக்கா வைத்த பெயர். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். வயது நாற்பத்திரண்டாகி, பாதித் தலை நரைத்து, பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் வந்து உட்கார்ந்த பிறகும் அவள் சுண்டுதான். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மேடம் என்று பயபக்தியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அக்கா வந்து வாசலில் நின்று "சுண்டூ" என்று ஒரு குரல் கொடுத்தாள். அன்றைக்கு பயபக்தி கப்பலேறியது.

விஷயம் இதுதான். புற்றுநோய்க் கட்டி எங்கே உயிரோடு இருக்கிறது என்று ஸ்கேன் படத்தில் காட்டிக்கொடுக்கும் மருந்து ஒன்றை அவள் பன்னிரண்டு வருஷமாக உருவாக்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் காடோலினியம் என்ற உலோகத்தில் ஓர் அணுவைச் சுமந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மூடி. ரத்தத்தில் போகும்வரை தனித்தனியாகப் போகும், யாரோடும் ஒட்டாது. உயிருள்ள கட்டிக்குள் நுழைந்தால் அங்கே சுரக்கும் நொதி அந்த மூடியைக் கழற்றிவிடும். மூடி போனதும் ஒன்றோடொன்று தாமாகவே அடுக்கிக்கொண்டு நூலாகும். நூல்கள் பின்னிக்கொண்டு அங்கேயே தங்க, எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். செத்த தழும்பு என்றால் நொதியும் கிடையாது, நூலும் கிடையாது, படத்தில் இருட்டாகவே கிடக்கும். ஒரு நாளைக்குள் நூல்கள் தானாகப் பிரிந்து சிறுநீரில் வெளியே போய்விடும்.

அக்கா தையல் கடை வைத்திருப்பவள். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூல் தானா கோத்துக்குது, தானா பிரிஞ்சுக்குது. காஜாவும் தானா எடுத்துக்குமான்னு கேட்டுச் சொல்லு, நான் கடையை மூடிட்டுத் தூங்கறேன்" என்றாள்.

இப்படிக் கிண்டல் செய்தவளுக்கே அந்த மருந்து தேவைப்பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடலில் வந்த புற்றை வெட்டி எடுத்தார்கள். மருந்து மேல் மருந்தாக ஏற்றினார்கள். இப்போது ஈரலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு புள்ளி. அது உயிருள்ள கட்டியா, மருந்தில் செத்துப்போன தழும்பா என்று எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியவில்லை. கட்டி என்றால் ஈரலில் பாதியை அறுக்க வேண்டும். தழும்பு என்றால் சும்மா விட்டுவிடலாம். அறுவை டாக்டர் அடுத்த வாரம் தேதி குறித்துவிட்டார். அதற்குள் பதில் தெரிய ஒரே வழி சுண்டுவின் மருந்து. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் சோதனை அது; மொத்தம் பதினோரு பேர். அக்கா நான்காவது ஆள். ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்பது கண்டிப்பு.

இன்னொரு கண்டிப்பும் இருந்தது. நோயாளிக்கு உறவு என்றால் அந்த மருந்தை அவர்கள் தொடக்கூடாது. பொடியாக இருப்பதைக் காலையில் கரைத்து, மதியத்துக்குள் செலுத்த வேண்டும். அக்காவுக்கு அதைக் கரைக்க வேண்டியவர் கூட வேலை பார்க்கும் ஒருவர், இரண்டு பெண்களுக்கு அப்பா, எட்டரை என்றால் எட்டரைக்கு உள்ளே நுழைகிறவர். அதனால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். காலையில் அவர் கையுறையை மாட்டும்போதே சுண்டு போய் முன்னால் நின்றாள். "நான் பார்த்துக்கறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. என் அக்கா விஷயம், என் கையால செஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும்." அவர் தயங்கினார். ஆனால் மேடத்தின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இப்போது அவர்தான் சுண்டுவின் முகத்தைப் பார்த்து ஓடிவந்தார்.

"என்ன மேடம்? பேயடிச்ச மாதிரி இருக்கீங்க."

அவள் குப்பியை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் செலுத்தியது போக மிச்சமாகும் மருந்தை மூன்று குப்பியில் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் தட்டில் வைத்து, சாயங்காலம் வரை மணிக்கொரு தரம் பார்ப்பது அங்கே வழக்கம். இதற்கு முன் மூன்று பேருக்கும் மிச்சம் இரவு வரை தெளிவாகவே இருந்தது.

அவர் குப்பியை வாங்கிச் சாய்த்தார். கவிழ்த்தார்.

"பிடிவாதக்காரனா?" என்றார் மெதுவாக.

பிடிவாதக்காரன் என்பது ஆள் இல்லை. அதே மூலக்கூறுகளுக்கு இன்னொரு விதமாகவும் அடுக்கிக்கொள்ளத் தெரியும் என்பது முன்பு தற்செயலாகத் தெரியவந்தது. அந்த அடுக்கில் மூடி இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். இறுகிவிட்டால் பிரியவே பிரியாது. அதன் கெட்ட குணம் அதோடு முடியவில்லை. பாலில் ஒரு சொட்டு உறைமோர் விழுந்தால் பால் முழுக்கத் தயிராகிற மாதிரி, அதன் தூசு ஒன்று நல்ல மருந்தில் பட்டால் போதும், மொத்தத்தையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். அதைக் கொடுத்த எட்டு எலிகளில் ஆறு மூன்றாம் நாள் செத்தன. சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு ஊற்றியதுபோல அடைத்திருந்தது. அந்த எலிகளை அறுத்தவளே சுண்டுதான். இப்போது அந்த ஆறும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"அது எப்படி வரும்? பின் அறையில பூட்டித்தானே வச்சிருக்கு" என்றார் கடிகாரம். "அந்தப் பக்கம் போனா அன்னைக்கு இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? குளிச்சிட்டு, எல்லாத்தையும் மாத்திட்டு, மறுநாள்தான் வரணும்னு."

"நேத்து சாயங்காலம் பின் அறைக்குப் போனேன். அறிக்கையில ஒரு சந்தேகம்."

"மறுநாள்தானே வந்தீங்க. எல்லாம் மாத்தினீங்கல்ல?"

"மாத்தினேன். அங்கி, கையுறை, தொப்பி, செருப்பு, எல்லாம். வீட்டுல தலைக்குக் குளிச்சேன்." சொல்லிக்கொண்டே வழக்கம்போல மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். விரல் மூக்குத் தண்டிலேயே நின்றுவிட்டது.

மாற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலை அவள்தான் எழுதினாள். எழுதியபோது அவளுக்குக் கண்ணாடி கிடையாது. போன வருஷம்தான் கிட்டத்தில் இருப்பது மங்கி, படிக்கக் கண்ணாடி வாங்கினாள். கண்ணாடி பட்டியலில் ஏறவில்லை. நேற்று பின் அறையில் இதே விரலால், கையுறையோடு, இதைத் தள்ளியிருக்கிறாள். இன்று காலை அக்காவின் மருந்தைத் திறப்பதற்கு முன்னாலும் தள்ளியிருப்பாள். தள்ளினோமா என்று யோசித்தால் நினைவில்லை. மூச்சு விட்டோமா என்று யோசித்தாலும் நினைவு வராதே, அந்த மாதிரி.

கடிகாரம் அவள் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார். அவருக்கு வேர்த்தது. "மத்த ரெண்டு குப்பியும் தெளிவாத்தான் இருக்கு பாருங்க. இது குப்பி அழுக்கா இருந்திருக்கும். பத்து நிமிஷம் பொறுங்க மேடம். அவசரப்பட்டு எதையும் சொல்லிட வேண்டாம். கையெழுத்து என்னோடது."

உடனே ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. அவளுக்கும் அந்தப் பத்து நிமிஷம் தேவைப்பட்டது. குப்பி அழுக்காக இருக்க வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. இருவரும் தட்டுக்கு முன்னால் நின்று, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அந்த இரண்டு குப்பிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது நிமிஷம் இரண்டாவது குப்பியின் அடியில் லேசாக ஒரு புகை மாதிரி எழுந்தது. ஒன்பதாவது நிமிஷம் அது பாலாகிவிட்டது.

"போங்க, ஓடுங்க" என்றார் கடிகாரம். "நான் குப்பிகளை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வரேன்."

ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான். போனை எடுத்து அடித்துக்கொண்டே படியிறங்கினாள். ஸ்கேன் பிரிவில் இரும்பு, போன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். டாக்டரின் போன் ஏதோ ஒரு பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. மாடி வரவேற்பின் எண்ணை யாரும் எடுக்கவில்லை. தெருவைக் கடக்கும்போது ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். அது அவள் காதில் விழவில்லை. அவள் மனத்தில் ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் மருந்து ஐந்து லிட்டரில் கலந்து நீர்த்துக் கிடக்கும், அங்கே பயமில்லை. சிறுநீரகத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு மருந்து செறிவாகும். அங்கேதான் உறையும். உறைந்த புதிதில் சோடா உப்பு டிரிப்ஸ் ஏற்றினால் நூல் இளகும் என்று எலிகளில் பார்த்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் தாண்டினால் எதற்கும் இளகாது. பத்து மணிக்கு ஏற்றியது. பன்னிரண்டு வரைதான் நேரம்.

பன்னிரண்டு மணிக்குத்தான் ஸ்கேனும். கட்டியில் நூல் சேர அவ்வளவு நேரம் வேண்டும். சோடா உப்பு சிறுநீரகத்துக்குத் தனியாகப் போகாது, உடம்பு முழுக்கப் போகும். கட்டியில் சேர்கிற நல்ல நூலையும் கரைத்துவிடும். சிறுநீரகத்தைக் காப்பாற்றினால் படம் போகும். படத்துக்குக் காத்திருந்தால் சிறுநீரகம் போகும். இது படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு உறைத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட ஆட்களின் ஓட்டத்துக்கெல்லாம் பயந்து பயந்து, பயம் வந்தால் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சுண்டு, இப்படி இரைக்குது? லிஃப்ட் ஓடலையா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லன்னா சரி. உன் அக்கா உள்ள நர்ஸுக்கு ஜாக்கெட் அளவு சொல்லிக்கிட்டிருக்கா. நீ பக்கத்துல இருக்கற தைரியம். எனக்கும் அதுதான்."

அவள் போன், சாவி, தலையூசி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தாள். பிறகு காகிதத் துண்டில் சுற்றி, பெட்டியில் போடாமல் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். எறிந்துவிட்டுத்தான் தோன்றியது, அது சாட்சி ஆயிற்றே என்று. குனிந்து திரும்ப எடுத்தாள். மாமா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அக்கா போர்வைக்குள் மல்லாந்து படுத்திருந்தாள். மருந்து ஏற்றிய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வா வா. மணி ஆகலையே இன்னும். என்ன, கண்ணாடி இல்லாம வந்திருக்கே? கண்ணு முழியெல்லாம் பிதுங்குது."

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இடுப்புல லேசா பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு மணி நேரமா கட்டை மாதிரி கிடக்கேன்ல, அதுவா இருக்கும்."

சிறுநீரகம் அங்கேதான் இருக்கிறது. சுண்டு அக்கா கையைப் பிடிக்கப் போனாள், பிடிக்காமலேயே திரும்பிக்கொண்டாள். "இதோ வரேன்" என்று சொன்ன குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஸ்கேன் டாக்டர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது அம்மாள். அதட்டவும் மாட்டார், ஆறுதலும் சொல்லமாட்டார். சுண்டு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மிச்சம் உறைந்தது. ஒன்று, பிறகு இரண்டாவது. பிடிவாதக்காரன். டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"சீக்கிரமா ஒரு படம் எடுத்து கிட்னியைப் பார்த்தா தெரியுமா?"

"தெரியாது டாக்டர். நல்ல மருந்தும் இந்த நேரத்துல கிட்னி வழியாத்தான் போகும். வெள்ளையாத்தான் தெரியும். எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"சரி. டிரிப்ஸ் போட்டா படம் கிடையாது. இன்னொரு டோஸும் கிடையாது. அறுவை டாக்டர் இதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கார்." டாக்டர் மேசையில் இருந்த, கடிகாரம் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தார். "கரைச்சவர் இவர். இவர் நேத்து பின் அறைக்குப் போனாரா?"

"இல்ல."

"இந்த மாசத்துல?"

"போகல."

"அப்படின்னா தூசு எங்கிருந்து வரும்? மிச்சம் ஊத்தின குப்பியில ஏதோ கோளாறு. நான் அரை மணி பொறுத்துப் படத்தை எடுத்துடுவேன். அந்தம்மாவோட ஈரல் பாதி இதுல தொங்குது. யோசிச்சுச் சொல்லுங்க. கரைச்சது யாரு?"

அறை குளிர்ந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் டொக் டொக்கென்று தனக்குத்தானே தட்டிக்கொண்டிருந்தது. சுண்டு கையிலிருந்த காகிதச் சுருட்டைப் பார்த்தாள். வேலை போகும், பன்னிரண்டு வருஷம் போகும், பேர் நாறும். இதெல்லாம் ஒரு பக்கம். கடிகாரத்தின் இரண்டு பெண்கள் ஒரு பக்கம். ஆனால் அவளை உண்மையாக நடுங்க வைத்தது இது எதுவும் இல்லை. வாயைத் திறந்தால், அக்காவின் ஈரலுக்கு இருந்த ஒரே பதிலையும் அவளே அழித்தவள் ஆவாள். வாயை மூடிக்கொண்டால் அந்தக் குப்பிதான் கோளாறு, மருந்து நல்ல மருந்து, அக்காவுக்கு இடுப்பு பிடித்தது படுத்ததால்தான். அரை மணி நேரத்துக்கு அதை நம்பிக்கொண்டு இருக்கலாம். அந்த அரை மணி நேரத்துக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் கரைச்சேன். அவர் பக்கத்துலகூட இல்ல. நேத்து பின் அறைக்குப் போனதும் நான்தான். இதோ, இந்தக் கண்ணாடியோட."

காகிதச் சுருட்டை நீட்டினாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து கதவைத் திறந்து, "சிஸ்டர், சோடா பைகார்பனேட். ரெண்டு கையிலயும் லைன். சிறுநீருக்கு டியூப் போடுங்க, மணிக்கு மணி அளக்கணும். ஸ்கேன் கேன்சல்" என்று ஒரே மூச்சில் சொன்னார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

அதற்குள் கடிகாரம் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மூன்று குப்பி; மூன்றாவதும் வெள்ளையாகிவிட்டிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "கையெழுத்து என்னோடது டாக்டர். நான் பார்க்காமலே போட்டேன். எழுதிக்கோங்க" என்றார். சுண்டுவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

பிறகு காத்திருப்பு. அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் சுண்டுவுக்கு இப்போதும் வாய் உலர்ந்துவிடும். கட்டிலுக்கு அடியில் தொங்கும் பையில் முதல் மணி நேரம் அநேகமாக ஒன்றுமே இறங்கவில்லை. எலிகளுக்கும் முதலில் நின்றது சிறுநீர்தான். அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குனிந்து பார்த்தாள். மாமாவின் கால் தரையை விட்டு எழவே இல்லை. அக்காவுக்கு இடுப்பு வலி கூடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். ஜாக்கெட் அளவைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றரை மணிக்குக் குழாயில் கலங்கலாக ஒரு கோடு வந்தது. கஞ்சித் தண்ணீர் மாதிரி. நர்ஸ் அதை ஜாடியில் வடித்தபோது சுண்டு பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். நாற்பது மில்லி. உள்ளே இழை இழையாக மிதந்தது. கடிகாரம் அதில் ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு ஓடி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். பிடிவாதக்காரனேதான். ஆனால் இறுகவில்லை, இளகி வருகிறான். இரண்டரைக்கு நூற்றுப்பத்து மில்லி வந்தது. மூன்றரைக்கு இருநூறுக்கு மேல், கிட்டத்தட்டத் தெளிவாக. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குத் தப்பிச்சுது. நாளைக்கும் பார்க்கணும், நாளன்னிக்கும் பார்க்கணும்" என்றார். சுண்டு தாழ்வாரத்துக்கு ஓடிப்போய், சுவரில் சாய்ந்து, சத்தமே வராமல் அழுதாள்.

அழுது முடித்து உள்ளே வந்தபோது அக்கா விழித்திருந்தாள். வலி விட்டிருந்தது. மாமா டீ வாங்கப் போயிருந்தார்.

"படம் எப்படி வந்திருக்கு?"

சுண்டு சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கண்ணாடி, குப்பி, எலிகள், டிரிப்ஸ், எல்லாம். படம் இல்லை. இனி எடுக்கவும் முடியாது. அடுத்த வாரம் அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா மேல் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கடிகாரக்காரர் கரைச்சிருந்தா படம் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"இந்நேரம் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்கா."

அக்கா முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"உன்னை நான் கேட்டேனா சுண்டு?"

சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் கையால கரைச்சுக் குடுன்னு கேட்டேனா? பழைய டாக்டரை மாத்தினே. நான் கேட்டேனா? கடைக்குப் போகாதேன்னு மெஷினுக்கு உறை போட்டு மூடினே. எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சேன்னு நோட்டுல எழுதினே. எல்லாம் எனக்காகத்தான். தெரியாம இல்ல. அதனாலதான் வாயைத் திறக்க முடியாமப் போச்சு." அக்காவின் குரல் உடைந்தது. "மூணு வருஷமா எனக்குப் பயமா இருக்குடி. ராத்திரி பகல்னு இல்ல, எப்பவும். நீ வந்தாலே ஒரு வேலையோடதான் வருவே. பயமா இருக்கான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருப்பியா நீ?"

சுண்டு நிமிர்ந்தாள். உயிருள்ள கட்டியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சதவீதத்தில் சொல்ல வாயெடுத்தாள். அதை விழுங்கினாள். எதையாவது செய்யத்தான் அவளுக்குத் தெரியும்.

"எனக்கும் பயமா இருக்குக்கா" என்றாள் கடைசியில்.

"ம்" என்றாள் அக்கா. மன்னித்தாளா இல்லையா என்று அந்த ஒற்றை எழுத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நர்ஸ் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். நாலரை மணிக் கணக்கு. பை ஜாடியில் காலியாகும் சத்தம் கேட்டது. சுண்டு சட்டென்று எழுந்து கையை நீட்டினாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையிலும் ஊசி இருந்ததால் பிடி பலமாக இல்லை. "அவங்க பார்த்துக்குவாங்க. நீ உட்காரு."

சுண்டு உட்கார்ந்தாள். அக்கா கையை எடுக்கவில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பதை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள். நர்ஸ் ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதில் எத்தனை மில்லி இருந்தது என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை.